ஓம் சேர்

எங்கள் பக்கத்தில் 'ஓம்' என்றால் எப்போதும் சம்மதம் என்று அர்த்தமில்லை. 'சொல்லுங்கோ, கேட்டுக்கொண்டிருக்கிறன்' என்பதற்கும் ஓம்தான். அதைச் சிங்களத்தில் 'ஒவ்' என்று திருப்பிவிட்டால் ஒருவரின் ஆயுளே மாறிவிடும். நீதிமன்ற மொழிபெயர்ப்பாளனாக இருந்த காலம் முழுவதும் நான் பயந்த சொல் இதுதான்.

நான் திருகோணமலை மாவட்டத்துச் சம்பூரில் பிறந்தவன். 2006 செப்டம்பர் தொடக்கம் வரை ஊர் விடுதலைப் புலிகள் இயக்கத்தின் கட்டுப்பாட்டில் இருந்தது. 'இயக்கத்துக்கு வேலை செய்தனியா?' என்று கேட்டால், 'ஓம் சேர், பங்கர் வெட்டினனான்' என்றுதான் ஒருவன் சொல்வான். தட்டச்சில் அது 'பயங்கரவாதிகளுக்கு உதவினேன்' என்று இறங்கும். அடி விழாமலே இப்படி ஒரு வாக்குமூலம் பிறந்துவிடும்.

அடித்தால்தான் பொய்யாக ஒப்புக்கொள்வார்கள் என்பது தவறு. இரண்டு இரவு நித்திரையில்லாதவனுக்கு நாளைய சிறை பெரிதாகத் தெரியாது. இந்த அறையை விட்டுப் போனால் போதும் என்றிருக்கும். செய்யாததைத் தான் செய்ததாகவே நம்பத் தொடங்குபவர்களும் உண்டு. அமெரிக்க உளவியலாளர் சோல் காசின் 1980களிலிருந்து எழுதிவருவது இதைத்தான்.

பொலிஸாரிடம் சொன்ன ஒப்புதல் சாட்சியாகாது என்பது நம் பழைய சான்றுக் கட்டளைச் சட்டம். 1979இன் பயங்கரவாதத் தடைச் சட்டம் அதைப் புரட்டியது. உதவிப் பொலிஸ் அத்தியட்சகரோ அவருக்கு மேலானவரோ பதிந்தால் செல்லும். வற்புறுத்தி வாங்கியது என்றால் குற்றம் சாட்டப்பட்ட எதிரிதான் நிரூபிக்க வேண்டும். பூட்டிய அறையில் நடந்ததற்கு அவன் யாரைச் சாட்சிக்குக் கூப்பிடுவான்?

அப்படி அகப்பட்டவர்களில் ஒருவர் நல்லரத்தினம் சிங்கராசா; 1993இல் பிடிபட்டார். சிங்களத்தில் தட்டச்சான வாக்குமூலத்தில் அவருடைய பெருவிரல் அடையாளம். அவருக்குச் சிங்களம் தெரியாது. அந்த ஒன்றை வைத்தே 1995இல் 50 வருடம் விதித்தார்கள். மேன்முறையீட்டில் அது 35 ஆனது. நிரூபிக்கும் சுமையை அவர்மீது போட்டது உரிமை மீறல் என்று ஐ.நா. மனித உரிமைகள் குழு 2004இல் சொன்னது. 2006இல் நமது உயர் நீதிமன்றம் அதை ஏற்க மறுத்தது.

நான் வேலை செய்த வழக்கொன்றிலும் அப்படித்தான்: ஆறு பக்கம் சிங்களம், அடியில் நீல மையில் ஒரு பெருவிரல். அதைத் தமிழில் வாசித்துக் காட்டினேன். எதிரிக் கூண்டில் நின்ற பெரியவர் தலையசைத்துக் கேட்டுக்கொண்டே வந்தார்; பக்கத்துக்குப் பக்கம் 'ஓம்' என்றார். முடிந்ததும் மெதுவாகக் கேட்டார்: "தம்பி, இது ஆற்ற கதை?"

பிள்ளைகளே, விசாரணை அறையில் தலையாட்டாதீர்கள். 'விளங்கேல்ல சேர், தமிழில எழுதித் தாங்கோ' என்று கேளுங்கள். வாசிக்கத் தெரியாத தாளில் விரல் வைக்காதீர்கள்.