நாலு விரக்கடைக்கு எத்தனை மில்லிமீட்டர்?

சேலம் புது பஸ் ஸ்டாண்டில் நாமக்கல் பஸ் ஏறினால், இடது பக்க ஜன்னலாகப் பார்த்துப் பிடியுங்கள். மத்தியானத்துக்கு மேல் அந்தப் பக்கம் வெயில் அடிக்காது. ராசிபுரம் தாண்டியதும் கொல்லிமலை கூடவே ஓடி வரும். அதைவிட முக்கியமாக, நம் டிரைவர் ஓவர்டேக் செய்கிற லாரிகளை எல்லாம் பக்கத்திலிருந்தே பார்க்கலாம்.

சின்ன வயதில் நான் அப்படிப் பார்த்ததெல்லாம் பாதி லாரிகள்தான். எஞ்சின் உண்டு, ஸ்டியரிங் உண்டு, சக்கரம் உண்டு. கேபின் கிடையாது, கதவு கிடையாது. தலையில் துண்டு, கண்ணில் கறுப்புக் கண்ணாடியுடன் ஒரு மனிதர், தற்காலிக ஆசனம் ஒன்றில் உட்கார்ந்து எதிர்காற்றை எல்லாம் வாங்கிக்கொண்டு போவார். ஓசூரிலிருந்து புது சேஸிஸ் போகிறது என்பார் அப்பா. எங்கே போகிறது? 'வேறெங்கே, நாமக்கல்லுக்குத்தான். அங்கே போய்ச் சட்டை போட்டுக்கும்!'

அந்தச் சட்டை தைக்கிற கடைகளைப் பார்க்கத்தான் போன மாதம் போனேன்.

1996 வரை சேலம் மாவட்டத்துக்குள் இருந்த ஊர் நாமக்கல். 1997 ஜனவரி முதல் தேதி தனி மாவட்டமானது. ஸ்ரீநகரிலிருந்து கன்னியாகுமரிக்கு ஓடுகிற தேசிய நெடுஞ்சாலை 44 ஊரைத் தொட்டுக்கொண்டு போகிறது. (பெரியவர்கள் இன்னும் பழைய நம்பரான ஏழைத்தான் சொல்கிறார்கள்.) மழையை நம்பி ஏமாந்தவர்கள் லாரியை நம்பினார்கள் என்று ஊரில் சொல்வார்கள். லாரி வந்தால் பாடி கட்ட ஆள் வேண்டும், வெல்டர் வேண்டும், தச்சர் வேண்டும், பெயின்ட்டர் வேண்டும். சாலையோரமெல்லாம் பட்டறைகள் முளைத்தன.

புது வண்டிக்குப் பூஜை போட ஆஞ்சநேயர் இருக்கிறார். 18 அடி உயரம். கோயிலில் அவருக்கு மேலே கூரை கிடையாது. அளவெடுத்துக் கட்டியே பிழைக்கிற ஊரில், எந்த அளவுக்கும் அடங்காதவர் அவர் ஒருவர்தான்!

நான் போன பட்டறையில் மேஸ்திரிக்கு வயது அறுபதைத் தாண்டியிருக்கும். காதில் பென்சில், தோளில் துண்டு, இடுப்பில் டேப்.

"அந்தக் காலத்துல டிராயிங்னு ஒண்ணு கிடையாதுங்க தம்பி. வண்டிக்காரர் வருவாரு. 'போன வண்டி மாதிரியே கட்டிருங்க'ம்பாரு. அதுதானுங்க டிராயிங்!"

"அளவெல்லாம்?"

"சிமென்ட் தரையில சாக்பீஸ்ல கோடு போட்டுக்குவேன். மழைச்சாரல் அடிச்சா அழிஞ்சு போயிரும். ஆனா மனசுல இருக்குமுங்க."

பக்கத்தில் கண்ணாடி ரூமுக்குள் ஏ.சி. ஓடுகிறது. உள்ளே கம்ப்யூட்டர் முன்னால் ஓர் இளைஞர். மேஸ்திரியின் அக்கா பையன், மெக்கானிக்கல் என்ஜினீயர். கதவைத் திறந்து தலையை நீட்டினார்.

"மாமா மனசுல இருக்கறதை என்னால லேஸர் மெஷினுக்கு அனுப்ப முடியலையே சார்!"

விஷயம் இதுதான். முன்பெல்லாம் தகட்டில் கோடு போட்டு, காஸ் கட்டரால் அறுத்து, முனையைத் தேய்த்து, அப்புறம் வெல்டிங். இப்போது முழு பாடியும் முதலில் திரையில் உருவாகிறது. பிறகு கம்ப்யூட்டரே அதைத் துண்டு துண்டாகப் பிரித்து, ஒரு தகட்டில் எத்தனை துண்டுகளை வீணில்லாமல் அடுக்கலாம் என்று பார்க்கிறது. ஒரு மீட்டர் துணியில் ஜாக்கெட்டும் தைத்து, மிச்சத்தில் பாப்பாவுக்குக் கவுனும் தைக்கிற கெட்டிக்கார டெய்லர் மாதிரி. லேஸர் வெட்ட, இன்னொரு மெஷின் வளைக்க, பட்டறைக்கு வருவது ஒட்ட வேண்டிய துண்டுகள்தான். லேஸர் வாங்க வசதியில்லாத சின்னப் பட்டறைக்காரர் படத்தை ஒரு பென் டிரைவில் போட்டு, வெட்டித் தருகிற ஜாப் ஒர்க் கடைக்குப் போகிறார்.

இதனால் வண்டிக்காரருக்கு என்ன லாபம்? பி.காம். படித்த புத்தி, கேட்காமல் இருக்குமா?

இரண்டு அச்சு லாரி ஒன்று சரக்கோடு சேர்த்து 16.2 டன் வரை போகலாம் என்று இருந்தது. 2018 ஜூலையில் மத்திய அரசு அதை 18.5 டன்னாக உயர்த்தியது. இந்த மொத்த எடைக்குள் எஞ்சின், சேஸிஸ், பாடி, டீசல், டிரைவரின் தொப்பை எல்லாம் அடக்கம். ஆக, பாடியில் ஒரு கிலோ குறைந்தால் சரக்கில் ஒரு கிலோ கூடும். நல்ல உறுதியான மெல்லிய தகடு போட்டு 400 கிலோ மிச்சம் பிடித்தார் என்று வைத்துக்கொள்வோம். டன்னுக்கு வாடகை 2,000 ரூபாய் என்றால் நடைக்கு 800. மாதம் எட்டு நடை போனால் 6,400. வருஷத்துக்கு 76,800 ரூபாய்! வெறும் இரும்பைத் தூக்கிக்கொண்டு ஊர் ஊராகப் போவது எவ்வளவு பெரிய நஷ்டம் பாருங்கள்.

ரொம்ப மெல்லிசாகப் போனால் பாடி விரிசல் விடுமே? அதற்கும் வழி இருக்கிறது. இளைஞர் ஒரு பட்டனைத் தட்டினார். திரையில் லாரி ஒரு பள்ளத்தில் இறங்கியது. பாடி முழுக்க நீலம், பச்சை, மஞ்சள். ஒரு மூலையில் மட்டும் சிவப்பு. அங்கேதான் பலவீனமாம்.

மேஸ்திரி சிரித்தார். "நாங்க அந்தச் செவப்பைப் பார்க்கணும்னா, வண்டி நாக்பூர் போயிட்டுத் திரும்பி வரணுமுங்க. வெல்டிங் விட்டுப்போயி வந்து நிக்கும். அப்பத்தான் தெரியும்."

நாமக்கல்லின் காஸ் டேங்கர் லாரிகள் விஷயத்தில் இந்த 'திரும்பி வந்தால் பார்த்துக்கலாம்' எந்தக் காலத்திலும் நடக்காது. சமையல் காஸ் ஏற்றுகிற தொட்டிக்கு, வெடிபொருள் பாதுகாப்புத் துறை முதலில் வரைபடத்தை அங்கீகரிக்க வேண்டும். அப்புறம்தான் தகட்டையே தொடலாம். வெல்டிங்குக்கு எக்ஸ்ரே உண்டு. தண்ணீர் நிரப்பி அழுத்தம் ஏற்றிப் பார்க்கிற சோதனையும் உண்டு. சாதா லாரிக்குப் படம் தாமதமாகத்தான் வந்திருக்கிறது.

கேபினுக்கும் இப்போது பரீட்சை உண்டு. முன்பக்கத்தில் பெரிய பாரத்தை ஊஞ்சல்போல ஆட்டி மோதுவார்கள். கூரையை அழுத்துவார்கள். அதன் பிறகும் உள்ளே மனிதன் உயிரோடு இருக்க இடம் மிச்சம் இருக்க வேண்டும். மரச்சட்டத்தில் தகடு அடித்த பழைய கேபின்கள் இந்தப் பரீட்சையில் என்ன மார்க் வாங்கும் என்று மேஸ்திரியைக் கேட்டேன். கொஞ்ச நேரம் பேசவில்லை.

"நான் கட்டுன கேபின்ல ஒரு பையன் போயிட்டானுங்க. பழைய கதை. தப்பு என்னுதில்லைன்னு எல்லாரும் சொன்னாங்க..." என்றவர், துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார். "இது வரட்டுமுங்க. வேண்டியதுதான்."

வந்துவிட்டது. பல லாரிகள் தொழிற்சாலையிலிருந்தே கேபினோடு இறங்குகின்றன. 3.5 டன்னுக்கு மேற்பட்ட சரக்கு வண்டிகளின் கேபினுக்கு ஏ.சி. கட்டாயம் என்று 2023 டிசம்பரில் அறிவிக்கை வந்து, 2025-ல் அமலானது. துண்டு கட்டிய சேஸிஸ் டிரைவர்களும் சாலையில் குறைந்துவிட்டார்கள். டிரைவருக்கு இது நல்லது. பட்டறைக்குக் கேபின் வேலை போச்சு. மயிலும் தாமரையும் எழுதிய பெயின்ட்டரின் வேலையை ஸ்டிக்கர் வெட்டும் மெஷின் எடுத்துக்கொண்டது. மிச்சம் இருப்பது பின்னால் இருக்கிற லோடு பாடி. அதிலும் மேஸ்திரிக்கு என்ன வேலை?

பதில், நான் கிளம்புகிற நேரத்தில் கிடைத்தது.

இளைஞர் திரையில் பாடியைத் திருப்பித் திருப்பிக் காட்டிக்கொண்டிருந்தார். தார்ப்பாய்க் கயிறு கட்டுகிற கொக்கிகள் வரிசையாக, அழகாக, சரிசமமான இடைவெளியில். மேஸ்திரி கண்ணைச் சுருக்கினார்.

"கொக்கியை பாடியோட ஒட்டி வெச்சுட்டியேடா."

"வெளியே நீட்டினா இடிக்கும் மாமா. இதான் ஸ்டிராங்கு."

"கொக்கிக்கு ஸ்டிராங்கு. ராத்திரி மழையில ஈரக் கயிறு முடிச்சு இறுகிப்போயிருக்கும். கிளீனர் பையன் கையை உள்ள விட்டுத்தானே அவுக்கணும்? நாலு விரக்கடை இடம் விடு."

"நாலு விரக்கடைன்னா எத்தனை மில்லிமீட்டர் மாமா?"

"ஏன், உன் கம்ப்யூட்டருக்கு விரல் இல்லையாக்கும்?"

இளைஞர் சிரிக்கவில்லை. டிராயரைத் திறந்து வெர்னியர் காலிப்பரை எடுத்தார். மேஸ்திரி கையை நீட்டினார். நாற்பது வருஷத்துக்கு மேல் சுத்தியல் பிடித்துக் காய்ப்பு ஏறிய நாலு விரல்களையும் சேர்த்துவைத்து, காலிப்பருக்கு நடுவே பிடித்தார்கள்.

"எண்பத்திரண்டு."

"கயிறு தடிமனுக்கு இன்னும் கொஞ்சம் சேர்த்துக்க."

இளைஞர் 100 என்று தட்டினார். திரையில் கொக்கிகள் எல்லாம் ஒரே நேரத்தில் சற்றே வெளியே நகர்ந்தன.

திரும்பி வருகிற பஸ்ஸிலும் லாரிகள் பக்கமாகத்தான் உட்கார்ந்தேன். ராசிபுரம் தாண்டும்போது மழை பிடித்துக்கொண்டது. ஓரமாக நிறுத்தியிருந்த ஒரு லாரியில், தலையில் சாக்கைப் போட்டுக்கொண்டு ஒரு பையன் கயிற்றோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தான். அவன் கை உள்ளே நுழைகிறதா என்று பார்ப்பதற்குள் பஸ் கடந்துவிட்டது.