ஏழு குடம் தண்ணீர்

நான் எடுத்த முதற் குறும்படத்தில் ஒரு மூதாட்டி கிணற்றில் நீர் அள்ளுகிறார். ஒன்றரை நிமிடக் காட்சி. யாழ்ப்பாணத்தில் அதனைப் பார்த்த நண்பர்கள் அழகு என்று போற்றினர். அவ்வழகுக்காக அவர் ஏழு தடவை குடத்தை நிரப்பினார் என்பதையும், ஆறு தடவை அதனை நிலத்தில் ஊற்றச் செய்தவன் நான் என்பதையும் அவர்கள் அறியார்.

இது நடந்தது நெடுந்தீவில், 2014ஆம் ஆண்டுக் கோடையில். அத்தீவின் நிலத்தடி நீர் பெரும்பாலும் உவர். நல்ல தண்ணீர்க் கிணறுகள் சிலவே. அவற்றிலும் கோடையில் நீர் ஊறிவரும்வரை பெண்கள் காத்திருக்க வேண்டும். வேலணையிற் பிறந்த எனக்கு இது புதிய செய்தியன்று. என் தாயும் தண்ணீருக்காக நடந்தவரே. ஆயினும், திருமண வீடுகளில் படமெடுக்கும் ஒருவரிடம் இரவல் வாங்கிய கமரா கைக்கு வந்ததும் எல்லாம் மறந்து போயிற்று. முகில் வெயிலை மறைத்தது, ஊற்றச் சொன்னேன். ஆடொன்று குறுக்கே வந்தது. மறுபடியும் ஊற்றச் சொன்னேன். ஏழாம் தடவை ஆச்சி குடத்தை இடுப்பிலிருந்து இறக்கவில்லை.

"இனி ஊத்தமாட்டன் தம்பி. இது சோறாக்கிற தண்ணி" என்றார்.

அப்போதும் எனக்கு உறைக்கவில்லை. வேண்டிய காட்சி கிடைத்துவிட்டதென்று மகிழ்ந்தேன்.

அந்தப் படமே சென்னையில் ஒரு திரைப்படக் கல்லூரியில் எனக்கு இடம் வாங்கித் தந்தது. கட்டணமோ, பாரிசில் என் அண்ணன் கோப்பை கழுவி அனுப்பிய பணம். ஒளியையும் வில்லைகளையும் பற்றி அங்கு நன்றாகவே கற்பித்தார்கள். எவருடைய உழைப்பை, எவருடைய நேரத்தை நாம் படமாக்குகிறோம் என்ற விசாரணைக்கு மட்டும் பாடத்திட்டத்தில் இடமில்லை.

ஒருநாள் றொபேட் பிளாகேர்ட்டியின் 'ஆரன் மனிதன்' என்ற 1934ஆம் ஆண்டுப் படத்தைத் திரையிட்டனர். அயர்லாந்துக் கரைக்கப்பால் உள்ள கற்றீவுகளின் வாழ்க்கை அது. முருகைக்கல் வேலிகளுக்கிடையே திரிந்த எனக்கு அத்தீவுகளின் கல்வேலிகள் உறவுபோலத் தோன்றின. சிறு தோணியில் சென்று பெருஞ்சுறாவை எறிகிறார்கள். மாணவர் அனைவரும் மூச்சடக்கிப் பார்த்தோம். அத்தகைய வேட்டை அங்கு பல தசாப்தங்களுக்கு முன்பே ஒழிந்திருந்தது என்றும், படத்துக்காகவே தீவாருக்கு அது மீளக் கற்பிக்கப்பட்டது என்றும் பின்னர் நூலகத்தில் வாசித்தேன். படத்தில் வரும் தாய், தந்தை, மகன் மூவரும் உண்மையில் ஒரே குடும்பத்தினர் அல்லர். கொந்தளிக்கும் கடலில் அவர்களை இறக்கியதும் படத்துக்காகவே. அன்றிரவு ஆச்சியின் குரல் என் காதில் விழுந்தது.

நம் தீவுகளுக்கும் திரைக்கும் உள்ள உறவே விசித்திரமானது. 'வாடைக்காற்று' நெடுந்தீவைக் களமாகக் கொண்ட செங்கை ஆழியானின் நாவல். 1978இல் வெளிவந்த அதன் படத்துக்குக் கரையாக அமைந்ததோ பேசாலை. இன்று படமெடுக்க வருவோர் குதிரைகளைத் தேடுவர். அல்லது 1985 மே 15 அன்று பிரயாணிகள் வெட்டிக் கொல்லப்பட்ட குமுதினிப் படகைத் தேடுவர். இரண்டாவதைத் தேடுவோரை நான் குறை கூறேன். அப்படகில் இறந்தோரின் உறவினர் நாளாந்தம் கடந்து வந்த கடல் அது. ஆனால், அவர்கள் கரையேறியபின் எங்கே நடக்கிறார்கள் என்று பார்ப்பார் குறைவு.

2018ஆம் ஆண்டு ஜனவரியில் தர்மசேன பத்திராஜா மறைந்தார். அந்த வாரம் 'பொன்மணி'யைப் பார்த்தேன். சிங்களவரான அவர், காவலூர் இராஜதுரையின் எழுத்தை வைத்துக்கொண்டு 1977இல் யாழ்ப்பாணத்தில் எடுத்த தமிழ்ப் படம் அது. சாதியும் சீதனமும் ஒரு வீட்டைத் தின்பதை அவசரமின்றிக் காட்டுகிறது. பாட்டுக்கும் சண்டைக்கும் பழகியிருந்த கொட்டகைக் கூட்டம் அதனை ஏற்கவில்லை. எனக்கும் முதல் அரைமணி நேரம் சலிப்பாகவே இருந்தது என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். பிறகு, அச்சலிப்பு அந்த வீட்டுப் பெண்களின் சலிப்பு என்று புரிந்தது.

விடுமுறையில் குறிகட்டுவானிலிருந்து படகேறி ஆச்சியைத் தேடிச் சென்றேன். மடிக்கணினியில் அவருடைய படத்தைப் போட்டுக் காட்டினேன். கூர்ந்து பார்த்தார். முடிந்ததும், "இவ்வளவுதானோ?" என்றார்.

"ஓம் ஆச்சி."

"அள்ளிறன், அள்ளிறன். பிறகு வீட்டை போகேல்லையே? அள்ளிறது லேசு மோனை. கொண்டு போறதெல்லோ பாடு."

இரண்டாண்டுகள் கல்லூரியில் என் படத்தைப் பற்றிப் பலர் பேசியிருக்கிறார்கள். ஒருவரும் இதைக் கேட்கவில்லை.

மறுநாள் விடியற்காலை, "ஆச்சி, நீங்கள் உங்கடை பாட்டிலை போங்கோ" என்று சொல்லிவிட்டு, கமராவைத் தோளில் வைத்து அவர் பின்னால் நடந்தேன். எங்கும் நிற்கச் சொல்லவில்லை. முகில் வந்தது, விட்டுவிட்டேன். மணலிற் கால் புதைந்து காட்சி ஆடியது, அதையும் விட்டுவிட்டேன். நடுவழியில் அவர் குடத்தை மறு இடுப்புக்கு மாற்றினார். சற்றுத் தூரத்தில் மீண்டும் மாற்றினார். வளவு வேலி கண்ணுக்குத் தெரியுமுன் மின்கலம் தீர்ந்து போயிற்று. ஆச்சி திரும்பிப் பார்க்கவில்லை, நடந்துகொண்டே இருந்தார். கமராவைப் பையில் வைத்துவிட்டு ஓடிப்போய்க் குடத்தைக் கேட்டேன். அவர் தரவில்லை.