வரைந்தவர், முடித்தவர், கட்டியவர்

பாரிமுனையில் நின்று உயர்நீதிமன்றத்தின் செக்கச்சிவந்த கோபுரங்களைக் காட்டி, யார் கட்டியது என்று கேட்டுப் பாருங்கள். ‘வெள்ளைக்காரன்’ என்று ஒற்றைச் சொல்லில் பதில் வரும். எந்த வெள்ளைக்காரன் என்று கேட்டால்தான் சிக்கல்.

முதலில் வரைந்தவர் பிராசிங்டன். 1888இல் வேலை தொடங்கி 1892இல் கட்டடம் திறக்கப்படுவதற்குள் பொறுப்பு ஹென்றி இர்வின் கைக்குப் போய்விட்டது; சிம்லாவில் வைஸ்ராய் மாளிகையைக் கட்டியவர் அவர். வழிகாட்டிகள் சொல்வது பெரும்பாலும் இர்வின் பெயரைத்தான். பந்தி பரிமாறுகிறவர் பெயர் வாங்கிக்கொண்டு போவது கல்யாண வீட்டில் மட்டும் நடப்பதில்லை.

சென்னையில் இப்படி ஒருவர் தொடங்கி இன்னொருவர் முடித்த கட்டடங்கள் பல. சென்ட்ரல் ரயில் நிலையம் ஜார்ஜ் ஹார்டிங்கின் திட்டம். அதைத் திருத்தி முடித்தவர் ராபர்ட் சிஷோம்.

சிஷோமைப் பற்றிக் கொஞ்சம் நின்று பேச வேண்டும். 1864இல் மாநிலக் கல்லூரிக்கும் பல்கலைக்கழகத்தின் செனட் மண்டபத்துக்கும் அரசு வரைபடப் போட்டி நடத்தியது. வென்ற சிஷோமுக்கு அப்போது வயது இருபத்து நான்குதான். கடற்கரையில் அவர் கட்ட வேண்டிய இடத்துக்குப் பக்கத்திலேயே, ஆற்காட்டு நவாபு முகம்மது அலி வாலாஜாவுக்காக 1768இல் எழுந்த சேப்பாக்கம் அரண்மனை நின்றது. அதைக் கட்டியவர் பால் பென்ஃபீல்டு என்று வழிவழியாகச் சொல்கிறார்கள். கட்டியதைவிட நவாபுக்கு வட்டிக்குக் கடன் கொடுத்ததற்காகவே வரலாறு அவரை அதிகம் நினைவில் வைத்திருக்கிறது. அந்த அரண்மனையின் வளைவுகளும் குமிழ்மாடங்களும் சிஷோமின் பென்சிலை மெல்ல மெல்லத் திருப்பிவிட்டன என்றே எனக்குத் தோன்றுகிறது. மாநிலக் கல்லூரியில் இத்தாலியச் சாயல் இன்னும் தூக்கலாக இருக்கிறது. 1879இல் முடிந்த செனட் மண்டபத்துக்கு வரும்போது ஆள் முற்றிலும் மாறிவிட்டார். நடுவே அரண்மனையின் கல்சா மகாலையும் ஹுமாயூன் மகாலையும் ஒரு கோபுரம் எழுப்பி இணைத்தவரும் அவரே.

திருவனந்தபுரத்தில் நேப்பியர் அருங்காட்சியகத்தைக் கட்டப் போனவர், கேரளத்து மரக்கூரையின் மோகத்தோடு திரும்பினார். சென்ட்ரலுக்குப் பக்கத்திலுள்ள விக்டோரியா பொதுக்கூடத்தின் கோபுரத்தை அண்ணாந்து பாருங்கள். சிவப்புச் செங்கல் உடம்பு, திருவிதாங்கூர்த் தலை! ஒட்டுமா என்று யோசிக்க வைக்கும் சேர்க்கைதான். ஒட்டியிருக்கிறது.

அந்தக் கூடத்தைக் கட்டி எழுப்பிய ஒப்பந்ததாரர் தாட்டிகொண்ட நம்பெருமாள் செட்டியார். உயர்நீதிமன்றம், கன்னிமாரா நூலகம், எழும்பூரில் 1909இல் எழுந்த விக்டோரியா நினைவு மண்டபம் எல்லாவற்றிலும் அவர் கை உண்டு. பின்னாளில் சேத்துப்பட்டில் அவருக்குச் சொந்தமான வீடுகளில்தான் கணிதமேதை ராமானுஜன் தன் கடைசி மாதங்களைக் கழித்தார். எழும்பூர் ரயில் நிலையத்தின் ஒப்பந்ததாரர் பெங்களூரு சாமிநாத பிள்ளை; 1908இல் அது திறக்கப்பட்டபோது செலவு 17 லட்சம் ரூபாய். வரைபடத்தில் இருக்கும் வளைவு செங்கல்லில் நிற்குமா, நிற்காதா என்பதைத் தங்கள் கைக்காசைப் பணயம் வைத்துச் சொன்னவர்கள் இவர்கள். சாரத்தின்மேல் ஏறிய கொத்தனார்களின் பெயரோ எந்த வழிகாட்டியின் வாயிலும் வருவதில்லை.

ஆனால் அவர்கள் வித்தை பழைய கட்டடங்களின் கூரையில் இருக்கிறது. மர உத்தரங்களின்மேல் சன்னமான செங்கற்களைச் சுண்ணாம்புச் சாந்தில் குறுக்குச் சாய்வாகச் செங்குத்தாக நிறுத்தி, மேலே செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கொட்டி, பெண்கள் வரிசையாக உட்கார்ந்து மரக்கட்டையால் நாள்கணக்கில் அடித்து இறுக்குவார்கள். இதற்கு ‘மெட்ராஸ் டெர்ரஸ்’ என்று பெயர். 2012இல் கல்சா மகால் தீயில் பாழானது. அதைச் சீரமைக்க வந்தவர்களுக்குச் சிமென்ட் உதவவில்லை. சுண்ணாம்பு பக்குவம் பார்க்கத் தெரிந்த மேஸ்திரிகள்தான் வேண்டியிருந்தார்கள்.