செயலாளர் வேலை

பிப்ரவரி 3, செவ்வாய், லண்டன்

விடுதி மாணவர் குழுவுக்கு என்னைச் செயலாளராக்கிவிட்டார்கள். வேறு யாரும் கை தூக்கவில்லை, அவ்வளவுதான். ஊரில் கல்லூரித் தேர்தல் என்றால் பேனர், மாலை, மைக் எல்லாம் உண்டு. இங்கே கைக்கு வந்தது ஒரு மின்னஞ்சல் கடவுச்சொல்லும் ஒரு சாவிக்கொத்தும். பல்கலைக்கழக விளம்பர ஏடுகளில் ‘தலைமைப் பண்பு’ என்ற தலைப்புக்குக் கீழே கோட் போட்ட ஒருவர் மேடையில் பேசிக்கொண்டிருப்பார். சாவியோடு அலைபவரை யார் படம் பிடிக்கிறார்கள்?

முதல் மனுவே சிக்கல். இன்னும் இரண்டு வாரத்தில் ரமலான் நோன்பு. விடிவதற்கு முன் ஸஹர் உணவு சமைக்க வேண்டும். விடுதி விதிப்படி சமையலறை காலை 6 மணிக்குத்தான் திறக்கும்.

பிப்ரவரி 8, ஞாயிறு

பேஸ்வாட்டர் பக்கம் நடந்துவிட்டு வந்தேன். சட்டம் படிக்க 1888-இல் லண்டன் வந்த காந்தி கொஞ்ச காலம் இந்த வட்டாரத்தில் குடியிருந்தார். ஒரு சைவ உணவுச் சங்கமும் தொடங்கினார். நண்பர் ஜோசையா ஓல்ட்ஃபீல்டு தலைவர், புத்தரைப் பற்றிக் காவியம் எழுதிய எட்வின் அர்னால்டு துணைத் தலைவர், காந்தி செயலாளர். அவர் வீடு மாறியதும் சில மாதங்களில் சங்கம் படுத்துவிட்டது. ஆனாலும் ஓர் அமைப்பை நடத்தும் பழக்கம் அங்கே கொஞ்சம் கிடைத்தது என்று பின்னாளில் அவரே எழுதினார்.

எனக்குப் பிடித்தது வேறொரு நிகழ்ச்சி. லண்டன் சைவ உணவுச் சங்கத்தின் நிர்வாகக் குழுவிலும் அவர் இருந்தார். தலைவர் அர்னால்டு ஹில்ஸ், கப்பல் கட்டும் தேம்ஸ் அயர்ன் ஒர்க்ஸின் முதலாளி. சங்கமே அவர் பணத்தில்தான் ஓடியது. டாக்டர் அலின்சன் என்ற உறுப்பினர் கருத்தடையை ஆதரித்ததால் அவரை நீக்க வேண்டும் என்றார் ஹில்ஸ். காந்திக்கும் கருத்தடையில் உடன்பாடில்லை. ஆனால் சைவ உணவுச் சங்கத்தில் இருக்க சைவம் சாப்பிட்டால் போதாதா என்று கேட்டார். ‘கேட்டார்’ என்பதுகூடச் சரியில்லை. கூச்சத்தால் வாய் வரவில்லை. எழுதிக் கொண்டுபோனதை வேறொருவர்தான் வாசித்தார். அலின்சன் தரப்பு தோற்றது. அவர் பெயர் போட்ட கோதுமை மாவு இன்றும் இங்கே கடைகளில் கிடைக்கிறது.

1894-இல் தென்னாப்பிரிக்காவில் நேட்டால் இந்தியக் காங்கிரஸ் தொடங்கியபோதும் அவர் எடுத்துக்கொண்டது செயலாளர் பதவிதான். சந்தா வசூல், ரசீது, கணக்கு. லண்டன் அவரைப் பேச்சாளர் ஆக்கவில்லை. பணம் போடுகிற, வயதில் மூத்த, தான் மதிக்கிற தலைவருக்கு எதிராக ஓட்டுப் போட்டுவிட்டு, அதன் பிறகும் அவரை மதிக்க முடியும் என்று பழக்கியது. நம் ஊரில் அப்படி ஓட்டுப் போட்டால் அடுத்த நாள் முகம் கொடுத்துப் பேசமாட்டார்கள். யாருக்கும் யாரும் மாமன் மச்சான் இல்லாத ஊரில் அதைப் பழகுவது சுலபம் என்று நினைக்கிறேன்.

பிப்ரவரி 10, செவ்வாய்

கூட்டம். மூன்றாம் மாடிச் சமையலறையை இரவு முழுக்கத் திறந்துவைக்கலாம் என்பது என் தீர்மானம். அதன் சுவரை ஒட்டிய அறையில் கொலம்பிய மாணவர் ஒருவர் இருக்கிறார். இரவு வேலை முடிந்து 2 மணிக்குத்தான் படுப்பார். ஆங்கிலத்தில் நாலு பேர் முன் பேசத் தயங்கி, எதிர்ப்பை ஒரு தாளில் எழுதித் தந்தார். நானே எழுந்து வாசித்தேன், ஒரு சொல்லையும் விழுங்காமல். வாசிக்க வாசிக்க என் தீர்மானம் எனக்கே இளைத்துத் தெரிந்தது.

கடைசியில் தரைத்தளச் சமையலறை என்று முடிவானது. பக்கத்தில் அறைகள் இல்லை. இரண்டே அடுப்புதான், நோன்பாளிகள் முறை வைத்துச் சமைக்க வேண்டும். அதில் அவர்களுக்கு மனக்குறைதான். முறைப்பட்டியலை அவர்களே போடட்டும் என்று சொல்லிவிட்டேன்.

கூட்டக் குறிப்பில் கொலம்பியர் எழுதித் தந்ததை முழுசாகச் சேர்த்தேன். நாளை நிர்வாகத்துக்கு அனுப்ப வேண்டும். தீயணைப்பு விதி என்று ஏதாவது சொல்வார்கள்.