கழுத்தின் கருமை

மேரு வட்டாரத்துச் செம்பனைத் தோட்டமொன்றில் நான் கிராணி. பழக்குலைகளின் எடையைப் பேரேட்டில் பதிவது என் அன்றாட வேலை. ஆயினும், என் வீட்டிலேயே ஏறிவந்த ஓர் எடையின் பொருளை ஐந்தாண்டுகள் நான் உணர்ந்தேனில்லை. ஆங்கிலப் பள்ளியில் படித்தவன் என்ற பெருமைக்கு மட்டும் குறைவில்லை.

என் மனைவிக்கு மாதவிலக்கு இரண்டு மூன்று மாதத்திற்கொரு முறையே வந்தது. உடல் பருத்தது, மோவாயில் உரோமம் அரும்பிற்று, பின்கழுத்துக் கறுத்தது. "எலுமிச்சம்பழம் தேய்த்துக் குளி, தாயி" என்றார் என் அன்னை. தோல் சிவந்ததேயன்றிக் கருமை போகவில்லை. உறவினரோ பிள்ளையில்லாக் குறைக்கு அவள் ஜாதகத்தைப் புரட்டினர். நான் வாய் திறக்கவில்லை.

சென்ற ஆண்டு கிள்ளானில் ஒரு பெண் மருத்துவரைக் கண்டோம். அவர் முதலில் நோக்கியது அக்கழுத்தையே. "ஐயா, இது அழுக்கன்று. உடம்பில் இன்சுலின் மிகுந்ததன் அடையாளம்" என்றார். சோதனையில் இரத்தச் சர்க்கரை நீரிழிவின் வாயிலை எட்டியிருந்தது.

சினைப்பை நீர்க்கட்டி நோய் என்பது இதன் பெயர். 1935ஆம் ஆண்டிலேயே சிகாகோவில் ஸ்டைன், லெவந்தால் என்னும் மருத்துவர் இருவர் ஏழு பெண்களிடம் இதனைக் கண்டு எழுதினர். பிள்ளைபெறும் வயதினரில் 100க்கு 6 முதல் 13 பேருக்கு இஃதுண்டு என்பது உலகச் சுகாதார நிறுவனத்தின் மதிப்பீடு.

இந்நோயுள்ள பலருக்கு, மெலிந்தவராயினும், உடல் இன்சுலினுக்கு எளிதில் இணங்குவதில்லை. வயிற்றில் கொழுப்புச் சேரச் சேர அவ்விணக்கம் மேலும் குன்றும். ஈடுசெய்யக் கணையம் இன்னும் மிகுதியாகச் சுரக்கும். அம்மிகுதி சினைப்பையைத் தூண்டி ஆண்தன்மைச் சுரப்பைப் பெருக்கும், முட்டை முதிராது. கணையம் களைத்த நாளில் நீரிழிவு வந்து சேரும். பருமனே இந்நோயை உண்டாக்கிற்று என்று பெண்ணைப் பழிப்பது பிழை. முன்னரே மூண்ட தீயில் அது எண்ணெய் வார்க்கிறது.

எனினும் வழியுண்டு. உள்ள எடையில் 100க்கு 5 முதல் 10 பங்கு குறைந்தாலே பலருக்கு மாதவிலக்குச் சீர்ப்படும். 80 கிலோ உள்ளவருக்கு அது 4 முதல் 8 கிலோ. அவள் மட்டும் பத்தியம் இருப்பது முறையோ? நானும் தே தாரேக்கையும் இரவு ரொட்டி சானாயையும் விட்டேன். மாலையில் இருவரும் தோட்டப் பாதையில் நடக்கிறோம். ஐந்து கிலோ குறைந்தது, சர்க்கரையும் இறங்கிற்று.

சகோதரர்களே! தாயத்துக்குச் செலவிடும் வெள்ளியில் ஒருமுறை இரத்தம் சோதித்துப் பாருங்கள். எங்களுக்குக் குழந்தை இன்னும் இல்லை. ஆனால், அவளைக் கேட்பவர்க்கு இப்போது நான் விடை கூறுகிறேன்.