மெருகேற்றிய இறுவட்டும் வேற்றுக் கம்பனிக் கொன்ட்ரோலரும்

சோனி நிறுவனம் 2000ஆம் ஆண்டில் வெளியிட்ட பிளேஸ்டேஷன் 2 விளையாட்டுக் கருவியின் உற்பத்தி 2013ஆம் ஆண்டுடன் நின்றுபோயிற்று. உலகெங்கும் 15 கோடிக்கு மேல் விற்ற கருவியாகையால் பாவனை மட்டும் நிற்கவில்லை. வெளிநாட்டு உறவினர் தம் பிள்ளைகள் பாவித்து முடித்ததைப் பெட்டியிலிட்டு ஊருக்கு அனுப்புவது நம்மிடையே புதினமுமல்ல. எமது வீட்டுக்கும் ஒன்று அவ்வாறே வந்தது. கொன்ட்ரோலர் ஒன்று, கேம் இரண்டு, அவற்றுள் ஒன்று கால்பந்தாட்டம்.

பேரனுக்கு ஏதேனும் ஒன்று வாங்கித் தருவதாகச் சொல்லியிருந்தேன். ஓய்வூதியமில்லாத பத்திரிகைக்காரனுக்கு ஒன்றுதான் கட்டுப்படியாகும். பம்பலப்பிட்டிக் கடையொன்றில் 'கிரான் டூரிஸ்மோ 3' கார்ப் பந்தய இறுவட்டு இருந்தது; கீறல் நீக்கி மெருகேற்றியது. ஏறக்குறைய அதே விலைக்கு, சோனி அல்லாத வேறொரு கம்பனியின் கொன்ட்ரோலர்.

இறுவட்டை வெளிச்சத்தில் சரித்துப் பார்த்தேன். டி.வி.டி. என்பது 0.6 மில்லிமீற்றர் தடிப்புள்ள இரு தகடுகளை ஒட்டிச் செய்வது; தகவல் நடுவே இருக்கிறது. கீறல் ஆழமில்லாதவிடத்து மேற்பரப்பை மெல்லிதாகத் தேய்த்து மினுக்கினால் லேசர் கதிர் மீண்டும் தடையின்றி உட்செல்லும். ஆகவே அதனை ஏமாற்று வேலையென ஒதுக்குவது நியாயமல்ல. (பின்னாளில் வந்த புளூ-ரே தட்டில் இவ்வித்தை பலிக்காது. அதில் தகவலுக்கு மேலுள்ள உறை 0.1 மில்லிமீற்றர் மட்டுமே.)

கொன்ட்ரோலர்தான் சிக்கல். அசல் டுவல்ஷொக் 2இன் பெரும்பாலான பொத்தான்கள் அழுத்தத்தின் அளவை உணர்பவை. மெல்ல அழுத்தினால் கார் மெல்ல ஓடும். மலிவான பிரதிகள் பலவற்றுக்கோ பொத்தான் அழுந்தியதா, இல்லையா என்பது மட்டுமே தெரியும். 2001இல் வந்த 'மெட்டல் கியர் சொலிட் 2' கேமில், உயர்த்திய துப்பாக்கியைச் சுடாமல் தாழ்த்துவதற்குப் பொத்தானிலிருந்து விரலை மெதுவாக எடுக்கவேண்டும். பிரதியில் எடுத்தால் வெடித்துவிடும். இந்த நாட்டில் பல்லாண்டு காலம் செய்தி எழுதியவனுக்கு இந்த வேறுபாடு வெறும் விளையாட்டாகத் தோன்றவில்லை.

"கேமையே எடுங்கோ ஐயா. இதுக்கு ஒரு கிழமைதான் உத்தரவாதம்" என்றார் கடைக்காரர். நேர்மையான மனிதர். நானும் அந்தப் பக்கமே சாய்ந்தேன்.

பேரன் இறுவட்டின் உறையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டுத் தட்டில் வைத்தான்.

"அம்மப்பா, அக்கா அடுத்த மாதம் போயிடுவா. ஒரு கொன்ட்ரோலரில ரெண்டு பேர் விளையாடேலாது."

பேத்திக்கு மெல்பேர்ணில் பல்கலைக்கழக அனுமதி கிடைத்திருக்கிறது. அதற்குப்பின் நான் பேசவில்லை. கொன்ட்ரோலரைக் கடையிலேயே இணைக்கச் செய்து, இரு குச்சிகளும் கை விட்டவுடன் நடுவுக்கு வருகின்றனவா என்று மாத்திரம் பார்த்துப் பணத்தைக் கொடுத்தேன்.

வீட்டுக்கு வந்து அசலை அக்காவிடம் கொடுத்துவிட்டுப் பிரதியைத் தான் வைத்துக்கொண்டான். பயணத்துக்கு இன்னும் 19 நாட்கள் உள்ளன. நேற்றிரவு 11 மணிவரை முன்னறையில் கால்பந்தாட்டம் ஓயவில்லை. அக்காதான் வென்றாளாம்.