கல்லும் நிலமும்

ஆண்டுதோறும் டிசம்பர்த் திங்கள் 7ஆம் நாளைக் கொடி நாளாகக் கொண்டாடுகிறோம். 1949ஆம் ஆண்டிலிருந்து வந்துகொண்டிருக்கும் வழக்கம் அது. பள்ளிப் பிள்ளைகள் தாள்கொடியைச் சட்டையில் குத்திவிட்டு உண்டியலை நீட்ட, நாமும் கைக்கு அகப்பட்டதைப் போடுகிறோம். அந்தப் பணம் வீண்போவதில்லை. முன்னாள் படைவீரரின் பிள்ளைகளது படிப்புக்கும் பெண்ணின் திருமணத்துக்கும் அது உதவித்தொகையாகப் போய்ச் சேரத்தான் செய்கிறது. ஆயினும் காசு விழுந்த ஓசை அடங்குவதற்குள் நமக்கும் அக்குடும்பங்களுக்குமான உறவு முடிந்துவிடுகிறது. அடுத்த தெருவில் வாழும் படைவீரரின் மனைவிக்குப் பெயர் என்ன என்று கேட்டால், நம்மில் எத்தனை பேர் சொல்வோம்? அந்தப் பெயரைப் பற்றித்தான் இங்கே எழுத முற்பட்டோம்.

எங்கள் ஜலகண்டாபுரம் தறிகளின் ஊர். விடியுமுன் தொடங்கும் விசைத்தறியின் ஓசை நள்ளிரவு வரை ஓய்வதில்லை. மழை பொய்த்தால் கருகும் மானாவாரி நிலமும், பாவும் ஊடையும் கூலியுமாகக் கழியும் வாழ்வும் எங்களுடையவை. வேலூருக்கு அருகிலுள்ள கம்மவான்பேட்டையைப் பற்றி வாசகர்கள் கேள்வியுற்றிருக்கலாம். வீட்டுக்கொருவர் படைக்குச் சென்றதால் 'இராணுவப்பேட்டை' என்றே பெயர் வாங்கிய சிற்றூர் அது. அங்கே ஒரு பெண் கணவனை இழந்தால், எந்தத் தாளை எங்கே கொடுக்க வேண்டும் என்று சொல்லத் தெரிந்தவர் அண்டை வீட்டிலேயே இருப்பார். எங்கள் பக்கம் அப்படியன்று. தெருவுக்கொருவர், சில சிற்றூர்களில் ஊருக்கே ஒருவர் எனச் சிதறிக் கிடக்கிறார்கள். பதினைந்து, பதினேழு ஆண்டுகள் பனியிலும் பாலையிலும் பணிசெய்துவிட்டு, நாற்பது வயதுக்கு முன்பே ஒரு தகரப் பெட்டியோடு வந்து இறங்குகிறார் வீரர். ஊருக்கு அவரிடமுள்ள அக்கறை பெரும்பாலும் கேன்டீன் புட்டியைப் பற்றியதாகவே இருக்கிறது என்பதை வருத்தத்தோடு சொல்ல வேண்டும். அவர் வங்கிக் காவலாளியாகிறார், அல்லது தறி போடுகிறார். பெட்டி மட்டும் பரணில் ஏறிவிடுகிறது.

எங்கள் பகுதியில் ஒரு நாயக் இறந்தார். பெயர் வேண்டாம். நல்லடக்கத்துக்கு ஊர் திரண்டது. மூவண்ணக்கொடி போர்த்தினார்கள், இளைஞர்கள் தட்டி வைத்தார்கள், பேசியவர்கள் எல்லாரும் நாட்டைப் பற்றிப் பேசினார்கள். குறையொன்றும் சொல்வதற்கில்லை. அடுத்த மாதம் அவருடைய ஓய்வூதியம் நின்றது. அது நின்றுதான் ஆகவேண்டும். மனைவிக்குரிய குடும்ப ஓய்வூதியம் இறப்புச் சான்றோடு விண்ணப்பித்த பிறகே தொடங்கும். அந்த அம்மாளும் விண்ணப்பித்தார். திரும்பி வந்தது. படை ஆவணத்திலுள்ள மனைவியின் பெயர் வேறு, ஆதார் அட்டையிலுள்ள பெயர் வேறு.

இது எப்படி நேர்கிறது என்பதை அறிந்தவர் சிலரே. வீரர் திருமணம் செய்து திரும்பியதும் தம் மனைவியின் பெயரைப் பிரிவு அலுவலகத்தில் சொல்கிறார். வீட்டில் அழைக்கும் பெயரைத்தான் சொல்லத் தோன்றும். தமிழறியாத எழுத்தர் தம் காதில் விழுந்தபடி ஆங்கிலத்தில் எழுதுகிறார். 'பகுதி இரண்டு ஆணை' என்னும் பெயரால் அது பதிவாகி, ஆவணக் காப்பு அலுவலகத்துக்குப் போய் நிலைத்துவிடுகிறது. மெட்ராஸ் ரெஜிமென்ட் வீரரானால் நீலகிரி வெலிங்டனில். சாப்பர் என்றால் பெங்களூரில். இங்கே ஊரிலோ, தகப்பன் பெயரின் முதலெழுத்துப் போய்க் கணவன் பெயரின் முதலெழுத்து வருகிறது. ரேஷன் அட்டை எழுதியவர் ஒருவிதமாகவும் வாக்காளர் பட்டியல் எழுதியவர் இன்னொரு விதமாகவும் எழுதுகிறார்கள். உயிரோடிருக்கும் வரை கணவர் எல்லா இடத்திலும் போய் நிற்பதால் ஒன்றும் தெரிவதில்லை. அவர் போன மறுநாள் இரண்டு பெயர்களும் இரண்டு பெண்களாகிவிடுகின்றன.

அந்த அம்மாள் 14 மாதங்கள் வருமானமின்றி இருந்தார். தார் சுற்றும் கூலியில் பேரனையும் வளர்த்தார். எங்களிடம் அவர் சொன்னது இதுதான்: "நாப்பது வருசம் அவரோட குடும்பம் நடத்துனேன். இப்ப நாந்தான் நானுன்னு சொல்றதுக்குச் சாட்சி கேக்குறாங்க, சாமி."

நோட்டரி முன் உறுதிமொழிப் பத்திரம், இரு பெயரும் ஒருவரையே குறிக்கும் என்ற வருவாய்த் துறைச் சான்று, சேலம் முன்னாள் படைவீரர் நல அலுவலகத்தின் பரிந்துரை, ஆவண அலுவலகத்தின் திருத்தம், அதன்பின் பிரயாக்ராஜிலிருந்து வரவேண்டிய புதிய ஓய்வூதிய ஆணை என்று ஒவ்வொரு படியாக ஏறினோம். ஒவ்வோர் அலுவலகத்திலும் நல்லவர்கள் இருந்தார்கள். ஆனால் அந்த நல்லவரின் மேசைக்கு வந்து சேரத்தான் ஒரு கூலிப்பெண்ணுக்குத் துணை வேண்டியிருக்கிறது. தாரமங்கலம் வழியாகச் சேலத்துக்குப் போய்வர ஒரு நாள் கூலி போய்விடும்.

பழந்தமிழர் இதை எங்ஙனம் செய்தார்கள் என்று எண்ணிப் பார்க்கிறோம். எங்களுக்கு வடக்கே தருமபுரி, செங்கம் வட்டாரங்களில் ஆநிரை மீட்டு மாய்ந்தோரின் நடுகற்கள் நிறைய உள்ளன. கல்லைத் தேர்வதிலிருந்து வாழ்த்துவது வரை நடுகல் சடங்கின் நிலைகளைத் தொல்காப்பியம் நிரலாகச் சொல்கிறது. ஆனால் அக்காலம் கல்லோடு நிற்கவில்லை. வீழ்ந்தவனின் குடும்பத்துக்கு நிலம் விடுவதும் வழக்காயிருந்தது; கல்வெட்டுகள் அதனை 'நெய்த்தோர்பட்டி' என்றும் 'உதிரப்பட்டி' என்றும் குறிக்கின்றன. நெய்த்தோர் என்றால் இரத்தம். அந்த நிலத்துக்கு உரியவர் யார் என்பதை எந்த எழுத்தரையும் கேட்டறிய வேண்டியதில்லை, ஊரே அறியும். இன்று கல்லுக்குரிய மரியாதையைத் தட்டியாகவும் மேடையாகவும் நாம் குறைவின்றிச் செய்கிறோம். நிலம்தான் தாளாக மாறி, நமக்கு எட்டாத ஊர்களில் இருக்கிறது.

ஆகவே ஒரு வேலையை மேற்கொண்டோம். ஓய்வுபெற்ற ஹவில்தார் ஒருவர், பள்ளி ஆசிரியர் ஒருவர், கணினி மையம் நடத்தும் தம்பி ஒருவர், எழுத்துவேலைக்கு எங்களில் இன்னொருவர் என நால்வர். ஞாயிறு மாலைகளில் நங்கவள்ளி வரையுள்ள சிற்றூர்களுக்குப் போகிறோம். வீரர் உயிரோடிருக்கும்போதே அவருடைய டிஸ்சார்ஜ் புத்தகத்தையும் ஓய்வூதிய ஆணையையும் வாங்கி, மனைவியின் பெயரும் பிறந்த தேதியும் ஆதாரோடு ஒத்திருக்கின்றனவா என்று பார்க்கிறோம். வேறுபட்டால் அவர் கையெழுத்திலேயே திருத்த விண்ணப்பம் போகிறது. அவர் இருக்கையில் அது எளிது. கணவனும் மனைவியும் கூட்டாக வங்கிக் கணக்கு வைத்திருக்கிறார்களா, 2003இல் தொடங்கிய மருத்துவத் திட்டத்தில் அவளும் சேர்க்கப்பட்டாளா என்பதையும் கேட்டுக்கொள்கிறோம். ஓய்வூதியம் 'ஸ்பர்ஷ்' என்னும் கணினி முறைக்கு மாறிவிட்டதால், ஆண்டுதோறும் உயிர்வாழ் சான்று பதியக் கணினி மையத் தம்பியின் உதவி பலருக்கு வேண்டியிருக்கிறது. ஓய்வூதியத்துக்குரிய 15 ஆண்டுகளை முடிக்காமல் வந்தவர்களுக்கு 65 வயதுக்குமேல் வறுமை உதவித்தொகை உண்டு. அதை அறியாமலேயே மறைந்தோரும் உளர். 2022இல் வந்த அக்னிபத் திட்டமோ, நான்கு ஆண்டுப் பணிக்குப்பின் நால்வரில் ஒருவரையே நிறுத்திக்கொள்வதாக வகுக்கப்பட்டது. ஏனையோர் ஓய்வூதியமின்றித் திரும்புவார்கள். அவர்களுக்கென ஏட்டில் தனிப் பக்கம் ஒதுக்கியிருக்கிறோம்.

இவ்வேலையில் பெருந்தடை அரசு அலுவலகங்களன்று, வீரர்களே. எல்லையில் சாவைப் பார்த்த மனிதர் தம் வீட்டில் அதைப் பேச விரும்புவதில்லை. ஒரு பெரியவர் எங்களைத் திண்ணையில் அமர்த்தி மோர் கொடுத்து, "இப்ப என்னங்க அவசரம், நான் இன்னும் திடமாத்தானே இருக்கேன்" என்று சிரித்து அனுப்பிவிட்டார். அவர் துணைவியார் நிலைப்படியோரம் நின்று கேட்டுக்கொண்டிருந்தார். அடுத்த ஞாயிறு நாங்கள் அத்தெருவைக் கடக்கையில் அந்த அம்மாள் கைகாட்டி நிறுத்தினார். தகரப் பெட்டியைப் பரணிலிருந்து இறக்கித் துடைத்து, பூட்டைத் திறந்து வைத்திருந்தார்.